16 வருடமாக ஒயரிங் வேலை, கையில் ஒரு லைசென்சும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காடிவெட்டி (கரூர் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

பதினேழு வயதில் சித்தப்பாவோடு சுவரில் காடி வெட்டப் போனவன் நான். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஐடிஐ பக்கம் போனதில்லை. ஸ்லாப் பைப் போடுவது, ஒயர் இழுப்பது, டிபி (வீட்டு லைன்களைப் பிரிக்கிற பெட்டி) கட்டுவது, மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் லைன் எல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. இப்போது பாயிண்ட் கணக்கில் நானே வேலை எடுத்துச் செய்கிறேன், கூட இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இதுவரை என் வேலையில் ஒரு தீ விபத்தோ ஷாக்கோ வந்ததில்லை, அதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

புது சர்வீஸ் வாங்க ஒயரிங் முடிந்ததற்கான டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் அல்லவா? அதற்கு எங்கள் ஊரில் லைசென்ஸ் உள்ள ஒரு காண்ட்ராக்டர் இருக்கிறார். வீட்டு அளவு, எத்தனை பாயிண்ட், எவ்வளவு லோடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுப்பார், ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். பதினொரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, அவர் ஒரு வீட்டையும் வந்து பார்த்ததில்லை. நானும் அதில் தப்பு இருப்பதாக நினைத்ததில்லை, ஊரே அப்படித்தானே செய்கிறது.

போன மாதம் ஒரு வீடு முடித்தேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்த வீட்டுக்காரரின் மச்சான் பேங்கில் வேலை செய்கிறவர், பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதில் இருக்கிற பெயர் உங்களுடையது இல்லையே, உங்கள் லைசென்ஸ் நம்பர் என்ன தம்பி?" என்று பந்தியில் வைத்துக் கேட்டுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டு பாக்கி 38,000 ரூபாயைத் தராமல் இழுக்கிறார். அதை எப்படியும் வாங்கிவிடுவேன், அது வேறு விஷயம்.

நான் கேட்க வந்தது இதுதான். எச் சர்டிபிகேட் தேர்வு, அதாவது மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு, அதை எழுதினால் அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போடலாமா? என்னிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறது, எலக்ட்ரீஷியன் என்றே போட்டிருக்கிறது. அப்புறம் ஒரு கம்பெனி டீலர் மூலம் மூன்று நாள் வகுப்பு நடத்தி ஸ்கில் இந்தியா சர்டிபிகேட் கொடுத்தார்கள், அதுவும் இருக்கிறது. இதெல்லாம் எதற்காவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெஸ்டர்_மணி

லைசென்ஸ் வைத்திருக்கிறவன் எல்லாம் ஆபீசில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான், வேலை தெரிந்தவன் ஏணியில் நிற்கிறான். நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு வீடு உங்களை மாதிரி ஆள் போட்டதுதான் ப்ரோ. பேன் மாட்டக்கூட லைசென்ஸ் கேட்பார்கள் போலிருக்கிறது. விட்டுத் தள்ளுங்கள், பாக்கியை வாங்குகிற வழியைப் பாருங்கள்.

ஓய்வு_ஏஇ

மணி, பேன் மாட்ட லைசென்ஸ் வேண்டாம். அதைச் சட்டமே சொல்கிறது, யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி என்று ஒன்று இருந்தது. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனம், இவற்றைப் பழையதை எடுத்துவிட்டுப் புதியது மாட்டுவதற்குத் தடையில்லை, ஒயரிங்கின் கொள்ளளவும் தன்மையும் மாறக்கூடாது, அவ்வளவுதான். அதைத் தாண்டி ஒரு பாயிண்ட் கூட்டினாலும் மாற்றினாலும் ரிப்பேர் செய்தாலும் மூன்று பேர் அதில் இருக்க வேண்டும்: அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், நேரில் மேற்பார்வை பார்க்கத் தகுதிச் சான்று பெற்ற ஒருவர், கையால் வேலை செய்ய அனுமதி பெற்ற ஒருவர். 1956 விதிகள் போய் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகள் வந்தன, அதிலும் இதேதான், 29ஆவது விதியாக. 2023இல் அதையும் மாற்றிப் புது விதிமுறைகள் கொண்டுவந்துவிட்டார்கள். வருடம்தான் மாறுகிறதே தவிர அந்த மூன்று பேர் மாறவில்லை. நம் ஊரில் அந்த மூன்று பேரில் ஒருவர் பேப்பரில் மட்டும் இருக்கிறார், இரண்டு பேர் இல்லவே இல்லை, நடுவில் காடிவெட்டி நிற்கிறார்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நலவாரிய அட்டை என்பது உதவித்தொகை, ஓய்வூதியம், பிள்ளைகள் படிப்புக்குப் பணம், இதற்கெல்லாம். அதை விட்டுவிடாதே, தவறாமல் புதுப்பி. ஆனால் அது லைசென்ஸ் ஆகாது. ஸ்கில் இந்தியா சான்றும் அப்படித்தான், வேலை தேடும்போது காட்டலாம், மின்வாரியத்தில் யாரும் அதைக் கையில்கூட வாங்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் லைசென்ஸ் என்றால் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுப்பதுதான், ஆபீஸ் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. எச் என்பது உதவியாளர், பி என்பது கம்பியாள், சி என்பது மேற்பார்வையாளர். ஒப்பந்ததாரர் உரிமம் தனி, அதில் இஎஸ்ஏ, இஏ, இஎஸ்பி, இபி என்று தரம் வைத்திருக்கிறார்கள். (அந்தக் கடைசி இபியை மின்வாரியம் என்று நினைத்துக்கொண்டு எங்கள் செக்‌ஷனுக்கு வந்து ஃபாரம் கேட்டவர்கள் உண்டு.)

ஆக, எச் வாங்கினாலும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் நீ கையெழுத்துப் போட முடியாது. அது ஒப்பந்ததாரர் வேலை. எச் வாங்கினால் நீ அவரிடம் வேலை செய்கிற ஆள் என்று சட்டப்படி ஆகிறாய், இன்றைக்கு அதுகூட இல்லை. நாளைக்கு நீ ஒயரிங் செய்த வீட்டில் ஓர் உயிர் போனால் மின் ஆய்வாளர் விசாரணைக்கு வருவார், அவர் கேட்கும் முதல் கேள்வி "வேலை செய்தது யார்?" என்பதுதான். கவனக்குறைவால் உயிர் போனதற்கான பிரிவு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 106. ஐந்து வருடம் வரை போகும். பதினாறு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது அங்கே வாதமாக எடுபடாது.

சீல்_கையில்

நான் காடிவெட்டி சொல்கிற அந்தக் காண்ட்ராக்டர் இல்லை, வேறு மாவட்டம். ஆனால் அதே வேலையைத்தான் நானும் பல வருடம் செய்தேன், அதனால் எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

டிப்ளமோ முடித்து, அனுபவம் காட்டி, சி வாங்கி, அப்புறம் காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுத்தேன். மெகர் (ஒயர் இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்), எர்த் டெஸ்டர் எல்லாம் வாங்கி பில் காட்ட வேண்டியிருந்தது. வாங்கிய மெகர் பெட்டியைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்தேன். ஏனென்றால் யாரும் என்னிடம் ஒயரிங் வேலை கொடுக்கவில்லை, ஒயரிங் வேலையெல்லாம் காடிவெட்டி மாதிரி ஆட்கள் பாயிண்ட்டுக்கு என்னைவிடக் குறைவாக எடுத்துவிடுகிறார்கள், என்னிடம் வருவது கையெழுத்துக்கு மட்டும்தான். ஒரு கட்டத்தில் அதுவே தொழிலாகிவிட்டது. காலையில் டீ குடிப்பதற்குள் இரண்டு ஃபாரம்.

அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு வீடு, மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்த வீட்டுப் பெண் குழந்தை வாஷிங் மெஷினைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டாள். பிழைத்துக்கொண்டாள், கையில் தழும்பு மட்டும். என்னைக் கூப்பிட்டார்கள், என் பெயர்தானே ஃபாரத்தில். போய் த்ரீ பின் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் பின்னுக்கு வர வேண்டிய பச்சை ஒயரே மேலே வரவில்லை. அந்த மாடிக்கு எர்த் ஒயர் இழுக்காமல், சாக்கெட்டிலேயே நியூட்ரலில் இருந்து ஒரு சின்னத் துண்டை எர்த் பின்னுக்கு லூப் அடித்திருந்தான். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் எரியும், எர்த் இருக்கிற மாதிரியே தெரியும். மெயினில் நியூட்ரல் முனை லூசாகிக் கழன்ற அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு லைட் ஆனில் இருந்தால் போதும், அது வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் முழுவதும் ஏறி, அந்தத் துண்டு ஒயர் வழியாக மெஷினின் தகரத்துக்கு வந்துவிட்டது. எர்த்தே கொடுக்காமல் விட்டிருந்தால்கூட அன்றைக்கு அந்தத் தகரம் லைவ் ஆகியிருக்காது. கரண்ட் கசிந்தால் தானாக லைனை வெட்டிவிடுகிற ஆர்சிசிபியும் அந்த வீட்டில் கிடையாது.

நேரில் போய் சாக்கெட்டில் கைவைத்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். அதற்குப் பிறகு நான் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பிசினஸ் பாதியாகிவிட்டது, பரவாயில்லை. போகிற வீட்டில் மெயினை ஆஃப் செய்து, எல்லாச் சாதனத்தையும் பிளக்கில் இருந்து எடுத்துவிட்டு, 500 வோல்ட் மெகரை பேஸுக்கும் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கொடுத்து ஒரு நிமிடம் பார்ப்பேன், ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனைப் பிரித்துப் பார்க்காமல் கிளம்ப மாட்டேன். பழைய விதியிலேயே இருக்கிற கணக்குத்தான் இது, நானாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. புது சர்வீசுக்கு ஆர்சிடி (ஆர்சிசிபி அந்த வகைதான்) கட்டாயம் என்று ஆன பிறகு இன்னொரு கூத்து. இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலையும் ஈபி நியூட்ரலையும் ஏதாவது ஒரு பேன் பாக்சில் சேர்த்து முறுக்கியிருப்பான், ஆர்சிசிபி நிற்காமல் டிரிப் ஆகும். முறுக்கை எங்கே என்று தேடாமல் ஆர்சிசிபியின் மேல் முனையையும் கீழ் முனையையும் ஒரு ஒயரால் சேர்த்துவிட்டு "இப்ப சரி ஆயிடுச்சு சார்" என்று போய்விடுகிறார்கள். டிபியைத் திறந்தால் உள்ளே பொருள் இருக்கும், புது லேபிள்கூட உரியாமல்.

காடிவெட்டி, நீங்கள் எச் தேர்வுக்கு அனுபவச் சான்று வாங்க வேண்டும். அதற்கு உங்கள் காண்ட்ராக்டரிடமே கேளுங்கள். தயங்காதீர்கள். பதினொரு வருடமாக உங்கள் வேலையைத் தன் ஆட்கள் செய்த வேலை என்றுதான் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேப்பரில் நீங்கள் அவருடைய ஆள். இல்லை என்று அவர் சொன்னால் அந்த ஃபாரமெல்லாம் என்ன?

சீருடை_சாம்பல்

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, பி வாங்கியவள் நான். பேக்டரியில் பேனல் மெயின்டனன்ஸ். சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் தெருவிலேயே மூன்று வீடு கட்டினார்கள். லைசென்ஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தருகிறேன் என்று கேட்டேன், "பொம்பளைப் பிள்ளை ஸ்லாப் மேல ஏறுமா" என்றார்கள். அப்புறம் லைசென்ஸ் இல்லாத அண்ணன் ஒருவர்தான் செய்தார். அவர் கெட்டிக்காரர், அதில் குறையில்லை. ஆனால் அவர் மீட்டரில் இருந்து டிபிக்கு வந்த மூன்று பேஸுக்கும் சிவப்பு ஒயரே போட்டிருந்தார், கடையில் ஒரே சுருள் மிச்சம் இருந்ததாம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கலர் எதற்கு என்று அவருக்குத் தெரியும், அடுத்து வந்து திறக்கிறவனுக்குத்தான் தெரியாது. லைசென்ஸ் என்றால் சர்டிபிகேட் மட்டும் என்று நினைக்கிறோம், என்னைக் கேட்டால் நான் பார்க்காத ஒருவன் நாளைக்கு இந்தப் பெட்டியைத் திறப்பான் என்று யோசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அது. அதை யாரும் எனக்கு ஏணியில் நிற்கும்போது சொல்லித் தரவில்லை, வகுப்பில்தான் சொன்னார்கள்.

தேர்வைப் பற்றி: என் தம்பி எச் எழுதினான். 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஐந்து வருடமாவது ஒயரிங் வேலை பார்த்திருக்க வேண்டும், மேல்வயது வரம்பு கிடையாது. அவன் எழுதும்போது கட்டணம் 200 ரூபாய். அறிவிப்பு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையில் இருந்து வரும், பேப்பரில் மூலையில் போடுவார்கள், பக்கத்து அரசு ஐடிஐயில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் கொடுத்த அனுபவச் சான்று செல்லும் என்பதை அந்த வருட அறிவிப்பில் படித்துவிட்டுப் போங்கள். வேலை தெரிந்தவர்கள் கோட்டை விடுவது படம் போடுவதில்தான். என் தம்பி மாடிப்படி ஒயரிங் கண்ணை மூடிக்கொண்டு செய்வான், தாளில் இரண்டு டூவே சுவிட்சையும் ஒரு லைட்டையும் வரையச் சொன்னால் வியர்த்துவிட்டது. ஒரு வாரம் ஸ்கேல் பென்சிலோடு உட்கார வைத்தேன்.

தஞ்சாவூர்_டு_ஜூரோங்

சிங்கப்பூரில் ஒன்பது வருடம். இங்கே எல்லாம் பக்கா என்று நம் ஊரில் நினைக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். இங்கேயும் ஒயர் இழுப்பது நாங்கள்தான், கையெழுத்து வேறொருவர். எரிசக்திச் சந்தை ஆணையம் லைசென்ஸ் கொடுக்கிறது, எல்இடபிள்யூ என்போம். எலக்ட்ரீஷியன் என்றால் 45 கேவிஏ லோடு வரை, டெக்னீஷியன் 150 வரை, என்ஜினியருக்கு அளவு இல்லை. நான் இதில் எதுவும் கிடையாது, ஒர்க் பெர்மிட்டில் வந்தவன்.

வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் எல்இடபிள்யூ வராமல் கையெழுத்துப் போட மாட்டார். அவர் பெயரை யார் வேண்டுமானாலும் ஆணையத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம், ஏதாவது ஆனால் அவர் பிழைப்பு போய்விடும். 55 வயது சீனர், முட்டி வலியோடு ஏணியில் ஏறி நான் முறுக்கிய ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அதை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு இறங்குவார். முதல் வருடம் என் பை நிறைய ஒயர். 1985 ஜூலைக்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு ஆர்சிசிபி கட்டாயம் இல்லாமல் இருந்தது, அதையும் 2025 ஜூலைக்குள் எல்லா வீட்டிலும் மாட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளாக ஏறி இறங்கினோம்.

மணி அண்ணனுக்கு: லைசென்ஸ் உள்ளவன் ஏசியில் இருக்கிறான் என்றால் அவனை ஏணிக்குக் கூட்டிவரத்தான் சட்டம் வேண்டும், ஏணியையே எடுத்துவிட அல்ல.

டெஸ்டர்_மணி

சரி சரி. நான் சும்மா சொன்னேன். அந்த வாஷிங் மெஷின் கதை படித்துவிட்டு எங்கள் வீட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை ஒயர் இருக்கிறது. மறுமுனை எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

ஓய்வு_ஏஇ

மணி, எர்த் பிட்டுக்கு, அதாவது மண்ணில் எர்த் புதைத்த குழிக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் ஆள் கூப்பிடு. லைசென்ஸ் உள்ள ஆளாக.

காடிவெட்டி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ஸ்பெஷல் நன்றி, இரண்டு டூவே சுவிட்ச் படத்தை நோட்டில் எட்டுத் தடவை போட்டுப் பார்த்தேன், ஏழாவது தடவைதான் சரியாக வந்தது.

காண்ட்ராக்டரிடம் போனேன். அனுபவச் சான்று என்றதும் முகம் மாறிவிட்டது, "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், நான் இருக்கேன்ல" என்றார். சீல் அண்ணன் சொன்னதை அப்படியே சொல்லவில்லை, பெரிய மனுஷர். "உங்கள் ஆள் என்றுதானே ஆபீசில் எல்லாரும் நினைக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அமாவாசை கழித்து வா, எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். பார்ப்போம். பாக்கி 38,000இல் இருபது வந்தது, மீதிக்கு வீட்டுக்காரர் ஒரு கண்டிஷன் போட்டார், மெகர் வைத்துக் காட்ட வேண்டுமாம், அந்த மச்சான் இதையெல்லாம் படிக்கிறாரோ என்னவோ. ஈரோட்டில் ஒரு நண்பரிடம் மெகர் இரவல் வாங்கிவந்து காட்டினேன். எல்லா லைனும் நன்றாகக் காட்டியது, மிச்சம் பதினெட்டும் அங்கேயே வாங்கிவிட்டேன்.

மெகரைத் திருப்பித் தர இரண்டு நாள் இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா வீட்டிலும் வைத்துப் பார்த்தேன். 2012இல் நான் தனியாக ஒயரிங் செய்த முதல் வீடு அது. ஹால், சமையலறை எல்லாம் முள் மேலே நின்றது. பாத்ரூம் ஹீட்டர் லைனில் 0.2 மெகா ஓம். ஹீட்டரைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தேன், அப்படியும் 0.2தான். ஜங்ஷன் பாக்சைத் திறந்தால் உள்ளே ஈரம், ஒயர் முறுக்கின மேல் கறுப்பு டேப் பாதி பிரிந்து தொங்குகிறது. நான் சுற்றிய டேப்தான், ஒன்றரைச் சுற்று. அம்மா பின்னால் நின்றுகொண்டு "மழைக்காலத்துல குழாயைத் தொட்டா லேசா சுருக்குனு இருக்கும்டா, பழகிருச்சு" என்கிறாள்.